பூ இருந்தும் பிஞ்சு இல்லை: மதுரைப் புறநகர் வீட்டுத் தோட்டம் ஒன்றின் கோடைக் கடைசி

பின்னணி

மதுரையின் வடக்குப் புறநகரில் ஒரு தனி வீடு. மனை மொத்தம் 6 சென்ட். கட்டடம் போக, பின்பக்கமும் மேற்குப் பக்கமுமாக இரண்டு சென்ட்டுக்குச் சற்றுக் குறைவாக மண் தரை இருக்கிறது. செம்மண், போர் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். வீட்டில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர், அவர் மனைவி, மகன், மருமகள், ஐந்து வயதுப் பேரன். தோட்டத்தைப் பெரும்பாலும் மாமியாரும் மருமகளும்தான் பார்க்கிறார்கள். பந்தல், வேலி, குழாய் சம்பந்தப்பட்ட வேலை எல்லாம் பெரியவருடையது.

அந்தப் பகுதியில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்குச் சந்தேகம் வந்தால் போய்ப் பார்த்து, தெரிந்ததைச் சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு. அப்படித்தான் இந்தத் தோட்டம் பழக்கமானது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு, அடையாளம் எதுவும் இல்லாமல் நடந்ததை எழுதுகிறேன். கோடையில் காய் நின்றுபோனால் வெயிலையும் பூச்சியையும் மட்டுமே குற்றம் சொல்லிப் பழகியவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

தோட்டத்தில் கத்தரிதான் முக்கியம். பச்சை வரி ஓடிய நாட்டுக் கத்தரி, பத்துப் பன்னிரண்டு செடி. தை மாதம் நட்டது. மாசிக் கடைசியில் காய்க்கத் தொடங்கி, பங்குனி முழுக்க வீட்டுக்குப் போக அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கும் அளவுக்குக் காய்த்தது. அது போக வெண்டை, கொத்தவரை, பந்தலில் பீர்க்கு, புடலை, ஓரத்தில் இரண்டு பப்பாளி, ஒரு கறிவேப்பிலை, செம்பருத்தி.

மேற்கு ஓரம் வேறு மாதிரி. வீடு கட்டும்போதே அங்கு இருந்த செடிகளைப் பிடுங்காமல் விட்டு, அதையே வேலியாக வளர்த்திருந்தார்கள். ஆவாரை நான்கைந்து தூர், எருக்கு இரண்டு, ஒரு நொச்சி, ஒரு ஆடாதொடை. கீழே தும்பையும் குப்பைமேனியும் தானாக வரும். யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. மாமியார் பொங்கலுக்கு ஆவாரம்பூவும், பேரனுக்குச் சளி பிடித்தால் ஆடாதொடை இலையும் பறிப்பார். அந்த வேலிக்கு அந்த வீட்டில் இருந்த வேலை அவ்வளவுதான்.

சித்திரையில் செய்த மாற்றங்கள்

சித்திரை பிறந்த கையோடு இரண்டு வேலைகள் நடந்தன. இரண்டுக்கும் நியாயமான காரணம் இருந்தது.

முதல் வேலை, வேலியை வெட்டியது. எருக்கின் குருத்தில் மஞ்சள் நிறத்தில் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடந்தது. அது காய்கறிச் செடிக்கும் பரவிவிடும் என்று பயந்தார்கள். அதோடு பள்ளி விடுமுறை. பேரனோடு விளையாட மகள் வழிப் பிள்ளைகளும் வரப்போகிறார்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்ற கவலை. இது வெறும் பயமில்லை, அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். ஆள் வைத்து எருக்கை அடியோடு வெட்டியபோது, ஒழுங்காக இருக்கட்டும் என்று ஆவாரையையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டார்கள். நொச்சியும் ஆடாதொடையும் மூலையில் இருந்ததால் தப்பின.

இரண்டாவது, பந்தல். பழைய மூங்கில் பந்தல் ஐந்தாறு வருடமாக நின்றது. கால்கள் அடியில் உளுத்துப் போயிருந்தன. ஆடிக் காற்றுக்குத் தாங்காது. பெரியவர் அதைப் பிரித்துவிட்டு இரும்புக் குழாயில் புதுப் பந்தல் போட்டார். கழற்றிய மூங்கில்கள் வீட்டின் பின்சுவரில் சாய்ந்திருந்தன. வெந்நீர் அடுப்புக்கு விறகாக ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

வைகாசியில் கண்டது

அக்னி நட்சத்திரம் மே 4 தொடங்கி 28 வரை. மதுரையில் அந்த நாட்களில் வெயில் 40 டிகிரியைத் தொடுவது புதிதில்லை. கத்தரி இலைகள் மதியம் தொங்கி, சாயங்காலம் தண்ணீர் விட்டதும் நிமிர்ந்தன. செடி சாகவில்லை. பூவும் நிற்கவில்லை. ஆனால் பூத்தவை எல்லாம் இரண்டு மூன்று நாளில் காம்போடு பழுத்துக் கீழே விழுந்தன. பங்குனியில் கூடை நிறைந்த இடத்தில் வாரத்துக்கு ஒரு பொரியலுக்குக்கூடத் தேறவில்லை.

மருமகள்தான் முதலில் கவனித்தவர். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அத்தை, பூ நிறைய இருக்கு, பிஞ்சு ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது." மாமியார் பதில்: "வெயில் அடங்கட்டும்மா, எல்லாம் சரியாயிரும்."

பந்தலிலும் இதே நிலை. பீர்க்கில் கொத்துக் கொத்தாக ஆண் பூ. பெண் பூ அங்கொன்று இங்கொன்று. வெப்பமும் நீண்ட பகலும் சேர்ந்தால் கொடிவகைகளில் ஆண் பூ கூடும், அது இயல்புதான். ஆனால் வந்த சில பெண் பூக்களும் விரல் நீளப் பிஞ்சோடு மஞ்சளாகி விழுந்தன.

இதற்கிடையில் பப்பாளியிலும் செம்பருத்தியிலும் மாவுப்பூச்சி. இலையின் அடிப்பக்கம், காயின் காம்பு எல்லாம் வெள்ளைப் பஞ்சு ஒட்டிய மாதிரி. தண்டில் எறும்பு மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் நடவடிக்கை: மருந்து

பூ உதிர்வதையும் மாவுப்பூச்சியையும் ஒரே பிரச்சினையாகப் பார்த்தார்கள். உரக்கடையில் சொல்லி ஒரு பூச்சி மருந்து வாங்கி, வெயில் ஏறுவதற்கு முன்னால் அடித்துவிடலாம் என்று காலை நேரத்தில் கத்தரி, பந்தல், பப்பாளி எல்லாவற்றுக்கும் அடித்தார்கள். ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை. மாவுப்பூச்சி கொஞ்சம் குறைந்து திரும்ப வந்தது. பூ உதிர்வதில் மாற்றமே இல்லை. என்னைக் கூப்பிட்டது இதற்குப் பிறகு.

தோட்டத்தைச் சுற்றி வந்தபோது கத்தரியில் தண்டுத்துளைப்பான் இருந்தது உண்மை. ஓரிரு செடியில் நுனிக்குருத்து மட்டும் வாடித் தொங்கியது. கிள்ளிப் பிளந்தால் உள்ளே வெளிர்நிறப் புழு. ஆனால் அது குருத்தையும் காயையும் துளைக்கிற பூச்சி. பெரும்பாலான செடிகளில் அதன் தடமே இல்லை, அந்தச் செடிகளிலும் பூ உதிர்ந்துகொண்டிருந்தது. காரணம் வேறு எங்கோ இருக்க வேண்டும்.

பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது

கத்தரிப் பூவைக் கையில் எடுத்து நிதானமாகப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரியும்.

ஒன்று, எல்லாப் பூவும் காய்க்கிற பூ இல்லை. நடுவில் மஞ்சள் மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கூம்பாக நிற்கும். அந்தக் கூம்பின் நுனியைத் தாண்டிப் பச்சையாக ஒரு சின்னக் குமிழ் எட்டிப் பார்த்தால், அது நீண்ட சூல்தண்டுள்ள பூ. அதில் காய் பிடிக்கும். குமிழும் மகரந்தப் பை நுனியும் ஒரே மட்டத்தில் இருந்தாலும் பிடிக்கும். குமிழ் கூம்புக்குள்ளேயே அமுங்கிக் கிடந்தால் அந்தப் பூ உதிரத்தான் போகிறது, என்ன செய்தாலும் பயனில்லை. வெயிலும் சத்துக் குறைவும் செடியின் வயதும் கூடக் கூட இந்தக் குட்டைப் பூக்கள் அதிகமாகும். இந்தத் தோட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பூக்கள் குட்டை. ஆக உதிர்வில் ஒரு பங்கு வெயிலின் கணக்கில்தான் சேரும். மாமியார் சொன்னது தவறில்லை.

ஆனால் மீதிப் பாதி? நல்ல நீண்ட பூக்களும் உதிர்ந்தனவே.

இரண்டாவது விஷயம் அங்கேதான் வருகிறது. கத்தரியின் மகரந்தப் பை மற்ற பூக்களில் போல வெடித்துத் திறப்பதில்லை. நுனியில் ஊசிக்கண் அளவு துளைதான் இருக்கும். மகரந்தம் உள்ளே அடைந்து கிடக்கும். பூ அதிர்ந்தால்தான் கொட்டும். காற்று அசைத்தால் ஓரளவு கொட்டும். முழுதாகக் கொட்ட வைப்பது, நாம் கருவண்டு என்று சொல்கிற தச்சுத்தேனீயும், அதைவிடச் சிறிய நீலப்பட்டைத் தேனீயும். அவை பூவைக் கால்களால் கட்டிப் பிடித்து, இறக்கையை விரிக்காமலே மார்புத் தசையை மட்டும் துடிக்க வைக்கும். ர்ர்ர் என்று ஒரு ஒலி கேட்கும், மகரந்தம் அதன் வயிற்றில் விழும். தேன்பெட்டியில் வளர்க்கிற தேனீக்கும் கொசுத்தேனீக்கும் இந்த வித்தை கிடையாது. அவை தோட்டத்தில் எவ்வளவு பறந்தாலும் கத்தரிக்கு அவ்வளவு உதவி இல்லை.

"கருவண்டு வருதா?" என்று கேட்டேன். மருமகள் யோசித்துவிட்டு, போன மாதம் வரை காலையில் சத்தம் கேட்கும், பேரன் பயந்து உள்ளே ஓடுவான், இப்போது கொஞ்ச நாளாகக் காணோம் என்றார்.

நூல் கட்டிச் சோதித்தது

வெயிலா, வண்டு இல்லாததா என்று வாயால் பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. பூவையே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

மருமகள் நீண்ட சூல்தண்டுள்ள பூக்களை மட்டும் தேர்ந்தெடுத்தார். அன்று காலை விரிந்த பூக்களில் பாதிக்குச் சிவப்பு நூல், பாதிக்கு வெள்ளை நூல், காம்பில் தளர்வாகக் கட்டினார். சிவப்பு நூல் பூக்களின் மஞ்சள் கூம்பில் பேரனின் பேட்டரி டூத்பிரஷின் பின்பக்கத்தை ஓரிரு விநாடி வைத்து எடுத்தார். கீழே கட்டை விரல் நகத்தை நீட்டினால் அதில் வெளிர்மஞ்சள் மாவு விழுவது தெரியும். அப்படி விழுந்த மாவில் பூவின் குமிழை லேசாகத் தொட வைத்தார். வெள்ளை நூல் பூக்களைத் தொடவே இல்லை. ஒரு வாரத்துக்கு இதையே காலை எட்டு மணிக்குள் செய்தார். மருந்தும் அடிக்கவில்லை.

வெயில் குறையவில்லை, தண்ணீர் மாறவில்லை, செடியும் அதே செடி. சிவப்பு நூல் கட்டியவற்றில் பாதிக்கு மேல் பிஞ்சு நின்றது. வெள்ளை நூலில் ஒன்றிரண்டு போக எல்லாம் உதிர்ந்தன. அடுத்த வாரமும் கிட்டத்தட்ட இதேதான்.

சின்னத் தோட்டத்துச் சோதனைதான். ஆனாலும் முடிவெடுக்க இது போதும் என்று நினைத்தேன். வெயிலுக்கு மகரந்தத்தின் வீரியம் கெடும். ஆனால் முழுக்கக் கெட்டிருந்தால் சிவப்பு நூலிலும் காய் நின்றிருக்காது. மகரந்தம் இருந்தது, அதை உலுக்கத்தான் ஆள் இல்லை.

கருவண்டு எங்கே போயிற்று

கத்தரிப் பூவில் தேன் கிடையாது. ஆவாரம்பூவிலும் கிடையாது. இரண்டும் மகரந்தம் மட்டும் கொடுக்கும் பூக்கள். ஆவாரையிலும் அதிர்த்தால்தான் மகரந்தம் கொட்டும். கருவண்டு தன் குஞ்சுகளுக்கு மகரந்தம் சேர்க்க இவற்றுக்கு வரும். ஆனால் அது பறப்பதற்கே தேன் வேண்டும். அந்தத் தேனை வறண்ட கோடையிலும் கொடுப்பது எருக்கு. எருக்கம்பூவுக்கு மகரந்தச் சேர்க்கை செய்வதும் பெரும்பாலும் இந்த வண்டுதான். முருங்கைப் பூவுக்கும் அது விரும்பிப் போகும். பக்கத்து வீட்டு முருங்கை மாசியில் பூத்து, சித்திரைக்குள் காயாகி ஓய்ந்திருந்தது. அப்புறம் அதற்குத் தங்க வீடு வேண்டும். அது மண்ணில் கூடு கட்டாது. காய்ந்த மரத்தையோ மூங்கிலையோ குடைந்து உள்ளே அறை அறையாகத் தடுத்து முட்டையிடும்.

இதைச் சொல்லிக்கொண்டே பின்சுவர்ப் பக்கம் போனோம். மூங்கில்களில் பாதி அடுப்புக்குப் போயிருந்தது. மிச்சத்தைப் புரட்டினால், மூன்று கழிகளில் கணுவை ஒட்டி வட்டமாகத் துளை. சுண்டுவிரல் நுழையலாம், துளைக் கருவி போட்டு எடுத்தது போல விளிம்பு வழவழப்பு. ஒன்றின் கீழே தரையில் மரத்தூளும் மஞ்சள் பொடியும் சிந்திக் கிடந்தன. கழியைக் காதில் வைத்தால் உள்ளே லேசான உறுமல் கேட்டது.

பெரியவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "இது மரத்தைத் துளைச்சு வீணாக்குற வண்டுன்னுதானே நெனச்சேன்," என்றார். கதவு நிலையில் துளை போட்டால் அது தொல்லைதான். தோட்டத்து மூங்கிலில் இருந்தால் தொல்லை இல்லை.

மகரந்தம் தந்த ஆவாரை, தேன் தந்த எருக்கு, வீடாக இருந்த மூங்கில், மூன்றும் ஒரே மாதத்தில் போயிருந்தன. மேலே காலை நேரத்து மருந்து வேறு. வண்டு வேலை செய்கிற நேரமும் அதுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மருந்தை நிறுத்துவது எளிதாக முடிவானது. தண்டுத்துளைப்பானுக்கு வாடிய குருத்தை இரண்டு விரல் கீழே சேர்த்துக் கிள்ளி, தோட்டத்திலேயே போடாமல் அழித்துவிட வேண்டும். துளை விழுந்த காயும் அப்படியே. தேவைப்பட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல்: லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து, சாயங்காலம் வண்டு அடங்கிய பிறகு மட்டும் தெளிப்பது.

பப்பாளி விஷயத்தில் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டுக்கு வெளியிலிருந்து வந்தது. 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் கண்டறியப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவிப் பெரும் சேதம் செய்தது. எந்த மருந்துக்கும் கட்டுப்படவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து வளர்த்து விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொன்றுவிடும். அதன் பிறகுதான் பிரச்சினை அடங்கியது. இன்று நம் பப்பாளியில் மாவுப்பூச்சி அளவோடு நிற்கிறது என்றால் அந்தக் குளவிகளின் பரம்பரைதான் காரணம். மருந்தடித்தால் முதலில் சாவது குளவி. மாவு உடம்போடு இருக்கிற மாவுப்பூச்சி தப்பித்துப் பெருகும்.

உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவே பழுப்பாகக் காய்ந்து ஊதிய சில உடல்கள், அவற்றில் வட்டமான சின்னத் துளை. குளவி வந்து போயிருக்கிறது. எனவே பப்பாளிக்கு எதுவும் தெளிப்பதில்லை என்று முடிவு. எறும்பை மட்டும் தடுக்க வேண்டும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பான தேன்பாகுக்காக அதைக் காவல் காத்துக் குளவியை விரட்டுவது எறும்புதான். தண்டில் பழைய துணியைச் சுற்றி அதில் வேப்பெண்ணெய் தடவினார்கள். செம்பருத்தியில் மோசமான கிளைகளை வெட்டிவிட்டு, ஓஸ் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினார்கள்.

எருக்குதான் கடினமான முடிவு. மஞ்சள் அசுவினி எருக்கு, அரளி வகைச் செடிகளோடு நிற்கிறது, கத்தரிக்கு வராது என்பதைச் சொன்னேன். அதைத் தின்ன வரும் பொறிவண்டுகள் தோட்டம் முழுவதற்கும் பயன்படும் என்பதையும் சொன்னேன். ஆனால் பால் பற்றிய பயத்துக்கு என்னிடம் மாற்றுப் பேச்சு இல்லை. பிள்ளைகள் விளையாடுகிற வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் எருக்கு வேண்டாம் என்பதே என் கருத்தும். வெட்டிய தூரிலிருந்து எருக்கு எப்படியும் துளிர்க்கும். வாசலுக்குப் பக்கத்துத் தூரைத் தோண்டி எடுத்துவிட்டு, பின்மூலையில் இருப்பதை மட்டும் வளர விட்டு, அதைச் சுற்றி இடுப்பளவுக்குத் தடுப்பு கட்டுவது என்று ஒத்துக்கொண்டார்கள். ஆவாரைத் தூர்களைச் சும்மா விட்டாலே போதும்.

மூங்கில் பற்றிப் பெரியவரே வழி சொன்னார். இரும்புப் பந்தலை அவர் விட்டுக்கொடுக்கவில்லை, விட வேண்டியதும் இல்லை. கூடு இருந்த மூன்று கழிகளோடு மிச்சம் இருந்தவற்றையும் பந்தலின் குறுக்குக் குழாய்க்கு அடியில், மழை நேரடியாகப் படாத இடத்தில், படுக்கை வசமாகக் கட்டினார். துளை கீழ்ப்பக்கம் பார்த்தபடி இருந்தது. அதனால் தண்ணீர் உள்ளே போகாது.

கத்தரிச் செடிகளில் பாதியைக் கவாத்து செய்தோம். ஆனி பிறந்ததும் தரையிலிருந்து முக்கால் அடி விட்டு வெட்டி, தொழுவுரமும் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் போட்டு, தென்னை மட்டைத் துகளை மூடாக்காகப் பரப்பினார்கள். எல்லாவற்றையும் வெட்டாததற்குக் காரணம், திரும்பி வரும் வண்டுக்குப் பூ இருக்க வேண்டும் என்பது. மூடாக்கையும் தோட்டம் முழுக்கப் போடவில்லை. நீலப்பட்டைத் தேனீ மண்ணில்தான் கூடு தோண்டும், அதற்காக மேற்குச் சுவர் ஓரத்தில் இரண்டடி அகலம் வெறும் மண்ணாக விடப்பட்டது. வெட்டாத செடிகளுக்கு மேற்கு வெயில் படாமல் பழைய நூல் சேலை ஒன்றைக் கட்டினார்கள்.

வண்டு வரும்வரை டூத்பிரஷ் தொடர்ந்தது.

பந்தலில் நேரத்தை மாற்றியது

பீர்க்குக்குக் கையால் மகரந்தம் சேர்க்க மருமகள் முன்பே முயன்றிருந்தார். காலையில் போய் ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தடவினார், பிடிக்கவில்லை. பூசணிக்கும் பாகலுக்கும் காலை நேரம் சரி. பீர்க்கும் புடலையும் சாயங்காலம் விரிகிற பூக்கள். காலையில் கையில் கிடைப்பது முந்தின நாளின் வாடல். ஐந்தரை, ஆறு மணிக்கு மஞ்சள் இதழ் விரிந்ததும் செய்யச் சொன்னேன். அதிலிருந்து பீர்க்கு நின்றது. இந்தத் தோட்டத்திலேயே மிக விரைவாகத் தீர்ந்தது இதுதான்.

ஆனியும் ஆடியும்

ஆனியில் அக்னி முடிந்தும் வெப்பம் குறையவில்லை. இடையில் ஒரு கோடை மழை பெய்தது, அவ்வளவுதான். சேலை நிழலில் இருந்த கத்தரியில் குட்டைப் பூக்கள் கொஞ்சம் குறைந்த மாதிரி மருமகள் குறித்து வைத்திருக்கிறார். டூத்பிரஷ் புண்ணியத்தில் வாரத்துக்கு இரண்டு முறை சமைக்கக் காய் கிடைத்தது. ஒரு செடியில் சிற்றிலை நோய் தெரிந்தது. இலைகள் சிறுத்துக் கொத்தாகி, பூவே இல்லை. அதற்கு வைத்தியம் கிடையாது. வேரோடு பிடுங்கி எடுத்தார்கள்.

கட்டிவைத்த மூங்கிலில் ஒன்றிலிருந்து ஆனி நடுவில் கருவண்டுகள் வெளியே வந்தன. அவற்றில் எத்தனை அங்கேயே தங்கின என்று சொல்ல முடியாது. முதலில் அவை கத்தரிக்கு வரவில்லை, ஆடாதொடையின் வெள்ளைப் பூவுக்கும் நொச்சிக்கும்தான் போயின. வெட்டாமல் தப்பிய அந்த இரண்டு செடிகளும் இல்லாவிட்டால் அவை வேறு இடம் தேடியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனிக் கடைசியில் ஒரு காலை, மருமகள் டூத்பிரஷோடு போனபோது கத்தரியில் ஏற்கெனவே வேலை நடந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து வெள்ளை நூல் பூக்களும் பிஞ்சு பிடிக்கத் தொடங்கின.

ஆடியில் காற்று. பப்பாளி ஒன்று காயோடு சாய்ந்தது. இரும்புப் பந்தல் அசையவே இல்லை. பெரியவரின் முடிவு சரியென்று அப்போது எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆவாரையின் துளிர்கள் இடுப்பளவு வந்து ஆடிக் கடைசியில் பூத்தன. கவாத்து செய்த கத்தரி தளதளவென்று தழைத்து மொட்டு விட்டது. ஆடிப்பட்டத்துக்கு அவரை, வெண்டை, பூசணி விதை போட்டார்கள்.

ஆவணி நிலவரம்

கவாத்து செய்த செடிகளில் பங்குனி அளவுக்குக் காய். வெட்டாத செடிகளில் அதில் பாதி. அவை வயதான செடிகள். தண்டுத்துளைப்பான் ஆவணியில் மீண்டும் கூடியது, குருத்துக் கிள்ளுவதும் வேப்பங்கொட்டைக் கரைசலும் தொடர்ந்தன. நாலில் ஒரு காயாவது துளை விழுந்து கழிந்தது. இதில் வெற்றி என்று சொல்ல எதுவுமில்லை. மிஞ்சி நின்ற பப்பாளியில் மாவுப்பூச்சி இருக்கிறது, ஆனால் காயை மூடுகிற அளவுக்கு இல்லை. பின்மூலை எருக்கு தடுப்புக்கு மேல் தலை காட்டிவிட்டது. அதில் வரிவரியான புழுக்கள். வெந்தய நிறப் பட்டாம்பூச்சியாக மாறுபவை. பேரன் தடுப்புக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

எதை எதற்குக் காரணமாகச் சொல்லலாம்

ஆனிக் கடைசியில் காய் பிடிக்கத் தொடங்கியதற்கு வண்டு திரும்பியது மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அதே சமயத்தில் இரவு வெப்பம் குறைந்தது, மருந்து நின்று பல வாரம் ஆகியிருந்தது, காற்றும் தொடங்கியிருந்தது. காற்றே கத்தரிப் பூவை ஓரளவு உலுக்கிவிடும். உறுதியாகச் சொல்லக்கூடியது வைகாசிச் சோதனை ஒன்றுதான்: உச்ச வெயிலிலும், அதிர்த்த பூ காய்த்தது, அதிர்க்காத பூ உதிர்ந்தது. வேலியையும் மூங்கிலையும் வண்டோடு இணைப்பது, அந்தப் பூச்சியின் வாழ்க்கை முறை தெரிந்ததால் நான் செய்த ஊகம். வலுவான ஊகம் என்றே நினைக்கிறேன்.

அடுத்த கோடைக்கு மாற்றப்போவது

வேலியை இனி ஒரே நேரத்தில் வெட்டுவதில்லை. ஆவாரையில் ஒரு வருடம் பாதி, அடுத்த வருடம் மீதி. அதுவும் சித்திரையில் இல்லை, மழைக்கு முன்னால் ஆவணியில். அக்கம்பக்கத்தில் முருங்கை ஓய்ந்த பிறகுள்ள மாதங்கள்தான் தேன் கிடைக்காத நேரம் என்பதால், அப்போது பூக்கும் எதையும் தொடுவதில்லை.

பந்தலுக்கு அடியில் வருடத்துக்கு நான்கு புது மூங்கில் துண்டு கட்டுவது, பழையதை இரண்டு வருடமாவது கழற்றாமல் விடுவது. எந்தக் கழியையும் அடுப்பில் வைப்பதற்கு முன் துளை இருக்கிறதா என்று பார்ப்பது.

கோடைக் கத்தரிக்கு நாற்றைத் தையில் நடாமல் மார்கழித் தொடக்கத்திலேயே நட்டு, அக்னிக்கு முன் பெரும்பங்கைப் பறித்துவிட்டு, சித்திரைக் கடைசியிலேயே பாதியைக் கவாத்து செய்து பார்க்கப் போகிறார்கள். வெயில் உச்சத்தில் வெட்டினால் துளிர் கருகுமோ என்ற சந்தேகம் மாமியாருக்கு இருக்கிறது. அதனால் முதலில் மூன்று செடியில் மட்டும், சேலை நிழலில்.

பக்கத்து வீட்டில் முருங்கையை வெட்டிவிட்டு கார் நிறுத்த இடம் எடுக்கும் பேச்சு நடக்கிறது. அப்படி ஆனால் மாசி, பங்குனித் தேனும் குறையும். பின்மூலையில் ஒரு செடிமுருங்கை வைக்க மருமகள் இப்போதே குழி எடுத்துவிட்டார். ஐப்பசி மழைக்கு நடுவதாக இருக்கிறார்கள்.